வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையும் முதல் பாஸ்போர்ட்டும்

இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை, பெற்றோர் இந்தியர் என்ற ஒரே காரணத்தால் இந்தியக் குடிமகன் ஆகிவிடுவதில்லை. 2004 டிசம்பர் 3 முதல் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. குழந்தையின் பிறப்பை அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவானால்தான் குடியுரிமை, குடியுரிமை இருந்தால்தான் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு கேட்கப்படும் தாள்கள் பெரும்பாலும் இந்த ஒரு விதியிலிருந்தே கிளைத்தவை. இது தெரியாதவருக்குத் தூதரகம் காரணமில்லாமல் அலைக்கழிப்பதாகத்தான் தோன்றும்.

விதி இருப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவில். வெளிநாட்டில் பிறந்தவருக்கு வம்சாவளியாக வரும் குடியுரிமையைப் பற்றிய பிரிவு அது. தொடக்கத்தில் அது தந்தையை மட்டுமே பார்த்தது. தாய் இந்தியர், தந்தை அயல்நாட்டவர் என்றால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை கிடையாது. 1992 டிசம்பர் 10க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தாய், தந்தை இருவரில் யார் இந்தியராக இருந்தாலும் போதும் என்று சட்டம் மாறியது. 2003இல் நிறைவேறி அடுத்த ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் பதிவைக் கட்டாயமாக்கியது. அதோடு இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது: குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் வழி அடைபட்டுவிடாது. ஆனால் அதற்கு மேல் மத்திய அரசின் அனுமதி வேண்டும். தாமதத்துக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். கோப்பு உள்துறை அமைச்சகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். தூதரகத்தின் மேசையிலேயே முடிந்திருக்கக்கூடிய வேலை டெல்லி வரை நீள்கிறது.

இந்தப் பதிவு எல்லா நாட்டிலும் ஒரே பொருளுடையதல்ல. குழந்தை பிறந்த மண்ணின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்க அரசியலமைப்பின் 1868ஆம் ஆண்டுப் பதினான்காம் திருத்தம் அந்த மண்ணில் பிறப்பவருக்குக் குடியுரிமை தருகிறது. அமெரிக்கக் குடிமக்கள் அந்நாட்டை விட்டுப் போகவும் திரும்பி நுழையவும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டையே பயன்படுத்த வேண்டும் என்பதும் அங்குள்ள சட்டம். தன் குடிமகனுக்கு எந்த நாடும் விசா தருவதில்லை. ஆகவே அங்கே பிறந்த குழந்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினால் பாட்டி வீட்டுக்குப் போய்வருவதே சிக்கலாகிவிடும். நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டும், பிறகு இந்திய விசாவோ, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையோ வாங்குவது இதனால்தான். அமெரிக்கப் பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதியும் பேச்சுக்கே இடமில்லை. உறுதிமொழி தர முடியாது.

பிரிட்டன் இடைநிலை. 1983 ஜனவரி 1 முதல் அங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தரக் குடியமர்வு உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். வேலை விசாவில் இருக்கும் தம்பதியின் குழந்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான். அதே தம்பதியில் ஒருவருக்குக் குடியமர்வு உரிமை கிடைத்தபின் பிறக்கும் இரண்டாவது குழந்தை, பிறந்த கணத்திலேயே பிரிட்டிஷ் குடிமகன். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு என்று அமைவது இப்படித்தான். முதல் குழந்தைக்குச் செய்ததையே இரண்டாவதற்கும் செய்யப் போவோர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

வளைகுடா நாடுகளில் இந்தக் குழப்பம் இல்லை. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், குவைத் எதுவும் தன் மண்ணில் பிறந்ததற்காக அயல்நாட்டவரின் குழந்தைக்குக் குடியுரிமை தருவதில்லை. சிங்கப்பூரிலும் பெற்றோரில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இல்லாவிட்டால் கிடையாது. ஆக துபாயில் பிறந்த ஒரு தமிழ்க் குழந்தையைத் தூதரகத்தில் பதியாமல் விட்டால் அதற்கு எந்த நாடும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அது நாடற்ற பிள்ளை. வெளிநாட்டில் இந்தியக் குழந்தைப் பாஸ்போர்ட்டின் உண்மையான களம் இந்த நாடுகள்தான்.

பிறப்புப் பதிவு என்ற ஒரே பெயரில் மூன்று வேறு காரியங்கள் நடப்பதையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். பிறந்த நாட்டு அரசு தன் ஏட்டில் பிறப்பைப் பதிந்து சான்று தருவது முதலாவது. குடியுரிமைச் சட்டத்தின்படி தூதரகம் செய்யும் பதிவு இரண்டாவது. மூன்றாவது, 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சார்ந்தது: பெற்றோர் இந்தியாவில் குடியேறும் எண்ணத்தோடு திரும்பினால், வெளிநாட்டில் பிறந்த குழந்தை இந்தியாவுக்கு வந்த 60 நாட்களுக்குள் உள்ளூரில் பிறப்பைப் பதிந்துகொள்ளலாம் என்கிறது அது. இந்த மூன்றாவதைச் செய்துவிட்டுக் குடியுரிமையும் முடிந்துவிட்டதாக நினைப்பது பெரிய பிழை. அது பிறந்த தேதிக்கும் இடத்துக்குமான பதிவு; நான்காம் பிரிவின் பதிவுக்கு ஈடாகாது.

வேலை தொடங்குவது மருத்துவமனையில். சிங்கப்பூரில் பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். 2022 மே இறுதியிலிருந்து அங்கே பிறப்புச் சான்று மின்வடிவில் மட்டுமே தரப்படுகிறது. அமீரகத்தில் குழந்தை பிறந்த 120 நாட்களுக்குள் அதற்குக் குடியிருப்பு விசா எடுத்தாக வேண்டும், தவறினால் அபராதம். விசா பெறுவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று வேண்டும், பிறப்புச் சான்றுக்குப் பெற்றோரின் திருமணச் சான்று வேண்டும். இந்தியச் சட்டம் தரும் ஓராண்டு அவகாசம் அங்கே ஏட்டளவில்தான். உண்மையான கெடு நான்கு மாதம்.

இந்தச் சங்கிலியில் அதிகம் அறுபடுவது திருமணச் சான்று. திருமணப் பதிவைக் கட்டாயமாக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2009இல் வந்தது. இருந்தும் கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்து, பதிவை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவர்கள் பலர். பதிவு செய்தவர்களும் சான்றை ஊரில் பீரோவில் வைத்துவிட்டு விமானம் ஏறியிருப்பார்கள். அமீரகத்தில் வெறும் சான்று செல்லாது. மாநில அரசின் மேலொப்பம், இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அமீரகத் தூதரகத்தின் முத்திரை, அங்கே போனபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்று வரிசையாக வேண்டும். கர்ப்பம் உறுதியானவுடனே தொடங்க வேண்டிய வேலை இது. பிரசவத்துக்குப் பிறகு தொடங்கினால் 120 நாளில் பாதி தபாலிலும் ஏஜென்ட் அலுவலகத்திலும் கரையும்.

அடுத்தது பெயர். விண்ணப்பத்தில் வேறு எந்தக் கட்டத்தையும்விடத் தமிழர்களுக்கு அதிகத் தொல்லை தருவது பெயர்க் கட்டம்தான். இந்தியப் பாஸ்போர்ட்டில் பெயருக்கு இரண்டு கட்டங்கள்: கிவன் நேம், சர்நேம். இனிஷியலுக்கு இடமில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். தமிழ்நாட்டிலோ பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முருகேசன் மகன் மு. செந்தில்குமார், அவர் மகன் செ. கவின் என்று வைத்துக்கொண்டால், தந்தையின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் இருப்பது முருகேசன். ஊர் வழக்கப்படி மகனுடைய சர்நேம் செந்தில்குமார். துபாய் மருத்துவமனையின் எழுத்தர் அரபு வழக்கில் மகன் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர் என்று மூன்றையும் தொடுத்து கவின் செந்தில்குமார் முருகேசன் என்று எழுதிவிடலாம். லண்டனிலோ அப்பாவின் சர்நேமே பிள்ளைக்கும் என்று எடுத்துக்கொண்டு கவின் முருகேசன் ஆக்கிவிடலாம். மூன்றில் எது எழுதப்பட்டாலும் தூதரகம் கேட்பது ஒன்றுதான்: பாஸ்போர்ட்டில் வரும் பெயர் பிறப்புச் சான்றில் உள்ளபடியே இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பெயர் வைக்கப்படுவது பிரசவ வார்டில் நீட்டப்படும் அந்தப் படிவத்தில். அதை அரைத்தூக்கத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பிறகு திருத்த அலைவது அநியாயமான உழைப்பு.

எழுத்துக்கூட்டல் தனித் தலைவலி. யாழினியிலும் எழிலிலும் நடுவே வரும் ழகரத்தை ஆங்கிலத்தில் 'இசட் எச்' என்று எழுதுவதா, வெறும் 'எல்' போடுவதா என்பதைப் பெற்றோர் முதல் படிவத்துக்கு முன்னரே முடிவு செய்தாக வேண்டும். அரபு நாட்டுச் சான்றில் பெயர் அரபி எழுத்திலும் ஏறும். அங்கே ஆங்கில 'P' ஒலிக்கு எழுத்தில்லை, பிரபு அரபியில் தன் முதல் ஒலியை இழந்துவிடுவார். தந்தையின் பெயரில் செந்தில், குமார் இரண்டுக்கும் நடுவே ஒரு தாளில் இடைவெளி விட்டும் இன்னொன்றில் சேர்த்தும் எழுதியிருந்தால், அது சரிபார்ப்பவரின் கண்ணில் இரண்டு வேறு ஆட்கள்.

சர்நேம் கட்டத்தைக் காலியாக விடுவது இன்னொரு வழக்கம். அழகான ஒற்றைப் பெயர் வைத்திருக்கிறோம், வால் எதற்கு என்று நினைப்பதில் தவறில்லை, விலைதான் அதிகம். அமெரிக்க விசாவில் இந்த ஒற்றைப் பெயர் சர்நேமாக ஏறி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது முதற்பெயர் அறியப்படவில்லை என்று அச்சாகும். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைப் பார்வையாளர் விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்திக்கொண்டது. தந்தையின் பெயரை சர்நேம் கட்டத்தில் எழுதிவிடுவதே பாதுகாப்பு.

பெயர் தெளிவானபின் விண்ணப்பம் சுலபமே. ஒரு காலத்தில் குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் இல்லை. தாய் அல்லது தந்தையின் பாஸ்போர்ட்டிலேயே பிள்ளைகளின் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். குழந்தையை யார் அழைத்துப் போகிறார் என்று சரிபார்க்க அது போதாது என்பதால், ஆளுக்கொரு பாஸ்போர்ட் என்பதைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதியாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் பெற்றோர் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்கும் முறையை 2012 ஜூன் 26இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. இன்று பிறந்து பத்து நாளான சிசுவுக்கும் தனிப் புத்தகம்தான். இந்தியாவில் நடைமுறையிலிருந்த பாஸ்போர்ட் சேவா இணையமுறை 2018இலிருந்து தூதரகங்களுக்கும் விரிந்தது. படிவத்தை அதில் நிரப்பி, அச்செடுத்து, தூதரகத்திலோ அது நியமித்த சேவை மையத்திலோ கொடுக்க வேண்டும். குடியுரிமைக்கான பிறப்புப் பதிவுக்குப் படிவம் வேறு. அது உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் இருக்கிறது. பல தூதரகங்கள் இரண்டையும் ஒரே நாளில் வாங்கிக்கொள்கின்றன. உடன் வைப்பவை: பிறப்புச் சான்று, பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், அந்நாட்டில் தங்கும் உரிமைக்கான விசா அல்லது அடையாள அட்டை, திருமணச் சான்று, முகவரிச் சான்று.

படம் எடுப்பது சிசுவின் விஷயத்தில் சிறு போராட்டம். வெள்ளைப் பின்னணி, திறந்த கண், மூடிய வாய், இரண்டு காதும் தெரியும்படி நேர்முகம். தாங்கிப் பிடிக்கும் கை படத்தில் தெரியக் கூடாது, பொம்மையோ ரப்பர் நிப்பிளோ கூடாது. தலை நிற்காத குழந்தையை வெள்ளை விரிப்பில் கிடத்தி, மேலிருந்து எடுப்பதுதான் நடைமுறையில் பலிக்கும் வழி. நிழல் முகத்தில் விழாமலிருக்க ஜன்னலோரப் பகல் வெளிச்சம் நல்லது. ஃபிளாஷ் அடித்தால் கண் மூடிவிடும். கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டை அந்த ஐந்து நிமிடத்துக்குத் துடைத்துவிட வேண்டும், பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி. கையெழுத்துக் கட்டத்தில் பெருவிரல் ரேகை: ஆண் குழந்தைக்கு இடது, பெண் குழந்தைக்கு வலது என்பது வழக்கம். இறுக மூடியிருக்கும் சிசுவின் கைவிரலைப் பிரித்துக் கட்டத்துக்குள் மை பதிப்பது, பால் குடித்துத் தூங்கும் வேளையில்தான் நடக்கும். ரேகை கட்டத்தின் கோட்டைத் தாண்டினால் படிவம் திரும்பி வரும். உதிரிப் பிரதி ஒன்றிரண்டு எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

குழந்தை தானே விண்ணப்பிக்க முடியாது என்பதால் பெற்றோரின் ஒப்புதல் தேவைப்படுகிறது. அனெக்ஷர்-டி எனப்படும் உறுதிமொழியில் தாயும் தந்தையும் கையொப்பமிட வேண்டும். ஒருவர் ஊரிலும் ஒருவர் வெளிநாட்டிலும் இருந்தால் ஊரிலிருப்பவரின் கையொப்பம் தனியாக வந்து சேர வேண்டும். ஒருவரின் ஒப்புதலைப் பெற முடியாத நிலையில், அதற்கான காரணத்தைச் சொல்லி மற்றவர் அனெக்ஷர்-சி தரலாம். பிரிவு வழக்கு நடந்தால் நீதிமன்ற ஆணை கேட்கப்படும். 2016 டிசம்பரில் இந்த இணைப்புப் படிவங்களை வெள்ளைத்தாளில் அச்சிட்டுத் தந்தாலே போதும், நோட்டரி வேண்டாம் என்று வெளியுறவு அமைச்சகம் எளிமையாக்கியது. வெளிநாட்டுத் தூதரகங்களில் இது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அந்தந்தத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்ப்பதே வழி.

இருவர் கையொப்பத்தில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. மணமுறிவின்போது ஒரு பெற்றோர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கடத்திக்கொண்டு போவதைத் தடுக்க 1980இல் ஹேக் உடன்படிக்கை உருவானது. இந்தியா அதில் சேரவில்லை. ஆகவே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தையை அந்த உடன்படிக்கையின் வழியில் திரும்பப் பெற முடியாது. பாஸ்போர்ட் மேசையில் கேட்கப்படும் இரண்டாவது கையொப்பமே பல வேளைகளில் முன்கூட்டியே இருக்கும் ஒரே தடுப்பு. அமெரிக்காவும் 16 வயதுக்குட்பட்டோருக்கு இரு பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. மறுபக்கம், இந்த விதி தனித்து வளர்க்கும் தாய்மாரை நெடுங்காலம் வாட்டியது. தந்தை உயிரோடிருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1999இல்தான். அவ்வழக்கு எழுந்தது மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போய். 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் தந்தையின் பெயரை எழுதக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பர் மாற்றங்களுக்குப் பின் பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தாலே பாஸ்போர்ட் பெறலாம்.

இலங்கைக் குடும்பங்களுக்கும் இதே வடிவில் ஒரு விதி உண்டு. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையை ஓராண்டுக்குள் பதியச் சொல்கிறது. தாய்வழி உரிமையை அங்கே 2003ஆம் ஆண்டுத் திருத்தம் சமமாக்கியது. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த ஈழத்தமிழ்க் குழந்தைகளுக்கு இந்த விதி உயிர்நாடி. 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், இந்திய மண்ணில் பிறந்தாலும் இந்தியக் குடியுரிமை இல்லை. தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றை வைத்து, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் குடியுரிமைப் பதிவு பெற்றால்தான் அவர்கள் ஏதேனும் ஒரு நாட்டின் குடிகள் ஆகிறார்கள். பெற்றோரின் பிறப்புச் சான்றுகள் போரில் எரிந்துபோன வீடுகளுக்கு அந்த ஒற்றைத் தாள் எவ்வளவு எட்டாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவசரமாக ஊருக்குப் போக வேண்டி, பாஸ்போர்ட்டுக்கு நேரமில்லை என்றால் தூதரகம் அவசரச் சான்று தரும். அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். திரும்பி வர முழுப் பாஸ்போர்ட்டும் புதிய விசாவும் வேண்டும் என்பதால், வளைகுடாவில் வேலையிலிருக்கும் குடும்பம் அதை யோசித்தே கேட்க வேண்டும்.

குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்தாண்டு செல்லும், அல்லது 18 வயது வரை, எது முந்துகிறதோ அதுவரை. 15 வயதைத் தாண்டியவர் விரும்பினால் பத்தாண்டுப் பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பெறலாம். மூன்று மாதச் சிசுவின் படத்தோடு நாலரை வயதுப் பிள்ளை குடியேற்ற மேசையில் நின்றால் அதிகாரி இருமுறை பார்ப்பார். ஆனாலும் அது செல்லும். புதுப்பிக்கும்போது பழைய புத்தகம் மூலை வெட்டித் திருப்பித் தரப்படும். அதில் காலாவதியாகாத விசா இருந்தால் இரண்டு புத்தகத்தையும் சேர்த்தே எடுத்துப் போக வேண்டும். மறுவழங்கலுக்கும் பெற்றோரின் ஒப்புதல் புதிதாகத் தேவை. முதல் முறை தந்தது போதாது.

பிறப்பால் இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் உள்ள, ஆனால் அந்நாட்டுப் பாஸ்போர்ட் வாங்காமல் இந்தியராகப் பதியப்பட்ட பிள்ளைக்கு மட்டும் 18 வயதில் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. நான்காம் பிரிவின்படி, வயது வந்த ஆறு மாதத்துக்குள் அந்த இன்னொரு குடியுரிமையை அவர் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும்; பெட்டியில் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.